சோம்பேறி ட்ரே

வேலைக் கள்ளன்னு எனக்கு ஒரு பேரு இருக்கு. சும்மா வந்த பேரு இல்ல, பாடுபட்டு வாங்குனது.

முன்ன ஃபேக்டரியில இருந்தேன். மெஷின் உள்ள வந்துச்சு, நான் வெளிய வந்தேன். மெஷின் என்னைவிட ஒழுங்கா வேலை பாத்துச்சு, கோவிச்சுக்க ஒண்ணுமில்ல. அப்பறம் ஒரு பழைய லோரி வாங்கி சாமான் ஏத்திக்கிட்டு சுத்துனேன். ஒருநாள் பினாங்குல, ஆயர் ஈத்தாம் பக்கம், மலையடியில ரோட்டோரமா இருக்கற ஒரு நர்சரிக்கு பூச்சட்டி எறக்கப் போனேன். நர்சரி நடத்துற அக்கா, "பசியாறியாச்சா தம்பி?"ன்னு கேட்டாங்க. இல்லன்னேன். தோசை குடுத்தாங்க. தோசை நல்லா இருந்துச்சு. அங்கயே ஒட்டிக்கிட்டேன். எனக்கு அங்க வேலையா, இல்ல தங்கலான்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் தெளிவா சொன்னதில்ல. நானும் கேக்கல. கேட்டா முடிவு பண்ணிடுவாங்க.

அக்காவுக்கு அறுபது இருக்கும். ரோஜா, மல்லி, கறிவேப்பிலை, சீனங்க பெருநாளுக்கு வாங்குற சின்ன ஆரஞ்சு மரம், எல்லாம் விப்பாங்க. நல்ல கை. ஆனா ஒரு பயம் உண்டு. ஒரு மழைக் காலத்துல மல்லிச் செடி பூராவும் வேர் அழுகிப் போச்சு. புடுங்கிப் பாத்தா வேருல வெள்ளை வெள்ளையா நூலு. பூஞ்சை. அன்னியிலேருந்து மண்ணுல வெள்ளை நூலப் பாத்தா அக்காவுக்கு பாம்பப் பாத்த மாதிரி. எங்கயாச்சும் ஒரு காளான் தலையத் தூக்குனா போதும், செருப்பு கையில வந்துரும்.

அதனால நர்சரியில ஒரு சம்பிரதாயம். புதுசா எந்தச் செடி உள்ள வந்தாலும் மொதல்ல மண்ண உதறணும். வேர தண்ணியில அலசணும். அப்பறம் மஞ்சத் தண்ணியில முக்கி எடுக்கணும். புது மண்ணுல வச்சு, கறுப்பு பிளாஸ்டிக் பொலிபேக்கு மேல குங்குமத்துல ஒரு பொட்டு. "வீட்டுக்கு வர்ற மருமகள வாசல்ல நிக்க வச்சு ஆலத்தி எடுக்கறதில்ல? அது மாதிரி"ன்னு சொல்வாங்க. ஆலத்தி எடுத்தா பரவால்ல. இங்க மருமகள குளிப்பாட்டித்தான் உள்ள விடுவோம்.

நர்சரிக்குப் பின்னால ஒரு லோங்காங் ஓடுது, மழைத்தண்ணி போற வாய்க்கா. லோங்காங்குக்கு அந்தப் பக்கம் மலைச்சரிவு. சரிவுக்கு மேல ஒரு பெரிய கொண்டோ, அடுக்குமாடி வீடு. நர்சரி இருக்கற துண்டு நெலமும் அந்தக் கொண்டோவோடதுதான், அக்கா வாடகைக்கு இருக்காங்க. போன வருச மழையில சரிவுல ஒரு துண்டு நழுவி நேரா லோங்காங்குல வந்து உக்காந்துச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல. ஒரு கொய்யாச் செடியும், நான் மத்தியானம் படுக்கற நாற்காலியும் போச்சு. கொய்யாவுக்கு எல்லாரும் வருத்தப்பட்டாங்க.

மழை விட்டதும் கொண்டோ மேனேஜர் எறங்கி வந்தாரு. பட்டர்வொர்த்துலேருந்து தெனம் ஃபெர்ரியில மோட்டார் சைக்கிளோட வர்ற தமிழ் முஸ்லிம் ஆளு. சின்ன வயசு, சுறுசுறுப்பு. அவரப் பாத்தாலே எனக்கு களைப்பா இருக்கும்.

"அக்கா, வலை போட்டு புல்லு போட்டாச்சு. அது கொஞ்ச காலம் தாங்கும்னு இஞ்சினியர் சொல்றாரு. அதுக்குள்ள மரம் வேர் புடிக்கணும். குடியிருக்கறவங்க கமிட்டி ரெண்டா நிக்குது. பாதிப் பேரு மரம் வேணுங்கறாங்க, பாதிப் பேரு சிமெண்ட் போட்டு மூடுங்கறாங்க."

"சிமெண்ட் போட்டா போட்டுக்கட்டும். எனக்கு என்னா?"

"சிமெண்ட் போடணும்னா மெஷின் ஏத்தணும் அக்கா. மெஷின் ஏறுற வழி இதான்." அவரு நின்ன எடத்துலயே கால தட்டிக் காமிச்சாரு. கறிவேப்பிலை வரிசை, மல்லி வரிசை, அக்காவோட அடுப்பு, எல்லாம் அந்தக் காலடியில இருந்துச்சு.

அக்கா அடுப்பத் திரும்பிப் பாத்தாங்க. அப்பறம், "என்னா மரம் வேணும்?"னு கேட்டாங்க.

"காட்டு மரம். மெராந்தி மாதிரி. அடுத்த மழைக்கு முன்ன கமிட்டி வந்து கன்னு பாக்கும். நல்லா இருந்தா நடுவோம். இல்லன்னா..."

"இருக்கும்"னாங்க அக்கா. அதுவரைக்கும் அக்கா வாழ்க்கையில ஒரு காட்டு மரம் வளத்ததில்ல.

தைப்பூசம் முடிஞ்ச கையோட என்னை தீவுக்கு அந்தப் பக்கம் இருக்கற பாலிக் பூலாவ் அனுப்புனாங்க. அங்க ஒரு சீனத் தாத்தாவோட டுரியான் தோட்டம். தோட்டத்து ஓரத்துல பெரிய மெராந்தி மரம் ஒண்ணு நிக்குது. அதுக்கு அடியில கன்னு கோரப்புல்லு மாதிரி மொளச்சுக் கெடந்துச்சு. தாத்தா காசு வாங்கிக்கிட்டு, எவ்வளவு வேணாலும் புடுங்கிக்கன்னு கைய ஆட்டிட்டு போயிட்டாரு. நான் மண்ணோட மண்ணா தோண்டி, ட்ரேயில அடுக்கி, லோரி நெறய ஏத்திக்கிட்டு வந்தேன். காட்டுலேருந்து பொண்ணு எடுத்தாச்சு. இனி குளிப்பாட்டணும்.

அந்த வேலை எனக்கு வந்துச்சு.

மெராந்திக் கன்னோட வேர நான் அதுக்கு முன்ன பாத்ததில்ல. மண்ண உதறுனா உள்ள பூராவும் வெள்ளையும் மஞ்சளுமா மெல்லிசா நூலு. வேர் நுனி ஒவ்வொண்ணும் குட்டையா, தடிப்பா, காலுறை போட்ட கொழந்த வெரல் மாதிரி இருந்துச்சு. அக்கா ஒரு தடவ எட்டிப் பாத்தாங்க. மொகம் சுருங்கிப் போச்சு.

"அய்யய்யே, பூராவும் பூஞ்சை. ஒண்ணு விடாம தேய்டா."

தேய்ச்சேன். மொதல்ல கையால. அப்பறம் பழைய பல் பிரஷ்ஷால. அந்தக் காலுறை கழல்ற வரைக்கும் தேய்ச்சு, மஞ்சத் தண்ணியில முக்கி, தேங்காய் நாரும் மணலும் கலந்த சுத்தமான மண்ணுல வச்சு, பொட்டு வச்சேன். என் பல்லக்கூட நான் அப்புடி தேய்ச்சதில்ல, என்னைப் பாத்தாலே தெரியும்.

கடைசியா ஒரு ட்ரே இருந்துச்சு. வெயிலு உச்சிக்கு வந்துருச்சு. இடுப்பு என்கிட்ட தனியா பேச ஆரம்பிச்சிருச்சு. மஞ்சத் தண்ணியும் தீந்து போச்சு. நான் அந்த ட்ரேய மண்ணோட அப்புடியே பொலிபேக்குக்கு மாத்தி, மேல பொட்ட மட்டும் வச்சுட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பால் ஊத்தி ஆத்துன தே தாரிக் குடிக்கப் போயிட்டேன்.

திரும்பி வந்தா அக்கா ட்ரேக்கு முன்னால நிக்கறாங்க. இடுப்புல கை.

"என்னாடா இது?"

"செடிக்கா."

"குளிச்சுச்சா?"

"பொட்டு வச்சிருக்குல்ல?"

"நீகூடத்தான் தெனம் விபூதி பூசிட்டு வர்ற. குளிச்சுட்டா வர்ற?"

அன்னிக்கு நான் உண்மையாவே குளிக்கல.

"இத நல்ல செடிங்களோட வைக்காத. ஒட்டிக்கும். கொண்டுபோய் கக்கூஸ் பின்னால வை. சோம்பேறிப் பய வச்ச சோம்பேறி ட்ரே."

வச்சேன். கக்கூஸ் பின்னால, லோங்காங் ஓரமா, கொஞ்சம் நெழல் விழற எடம். அன்னியிலேருந்து அதுக்கு சோம்பேறி ட்ரேன்னே பேரு. யாரும் தண்ணிகூட தனியா ஊத்தல. கை கழுவுற தண்ணி அந்தப் பக்கம் வழிஞ்சு போகும், அது குடிச்சுக்கும்.

மத்த கன்னுங்களுக்கு ராஜ மரியாதை. அக்காவுக்கு பல் பிரஷ் மட்டும் பத்தல. பட்டர்வொர்த் போயி ஒரு கடையில பூஞ்சைக்கு அடிக்கிற மருந்து வாங்கிட்டு வந்து, அதையும் ஊத்துனாங்க. "இப்ப எது வருதுன்னு பாப்போம்"னாங்க.

எதுவுமே வரல. அதான் பிரச்சனை.

சித்திர வருசப் பொறப்பு வந்தப்ப கன்னு எல்லாம் வந்த அன்னிக்கு எப்புடி இருந்துச்சோ அதே ஒசரம். எலை மட்டும் பச்சையிலேருந்து மஞ்சளுக்குப் போயிருச்சு. அக்கா உரம் வச்சாங்க. இன்னும் மஞ்சளாச்சு. நெழலுக்கு மாத்துனாங்க. வெயிலுக்கு மாத்துனாங்க. எலுமிச்சம்பழம் சுத்தி ரோட்டுல நசுக்குனாங்க. பக்கத்துக் கோயிலுக்குப் போயி ஒரு தேங்காய் ஒடச்சாங்க. தேங்காய் நல்லா ஒடஞ்சுச்சு. கன்னுதான் எலைய கொட்டிக்கிட்டே இருந்துச்சு. நான் தெனம் காலையில செத்தத பொறுக்கிப் போடுவேன். எனக்கு அந்த வேலை மட்டும் கொறையவே இல்ல.

மேனேஜர் ஒருநாள் மோட்டார் சைக்கிள நிறுத்தாமலேயே வேலிக்கு மேல எட்டிப் பாத்தாரு.

"அக்கா, இது மெராந்தியா, முத்துன முளைக்கீரையா?"

"போயிட்டு அப்பறம் வாங்க தம்பி."

"வர்றேன் அக்கா. ஆனா கமிட்டியும் வரும்லா. சிமெண்ட்டுக்காரன் அளவெடுக்க எப்ப வரலாம்னு கேக்கறான்."

அவரு போனதுக்கப்பறம் அக்கா மல்லி வரிசைக்கும் கறிவேப்பிலை வரிசைக்கும் நடுவுல நடந்து போயி, திரும்பி வந்து, மறுபடியும் நடந்தாங்க. மெஷின் எவ்வளவு அகலம் இருக்கும்னு காலாலயே அளக்கறாங்கன்னு எனக்கு வெளங்குச்சு. நான் செத்த கன்னப் பொறுக்கப் போயிட்டேன்.

அடுத்த வாரம் நான் கக்கூஸ் போனேன். இந்தக் கதையில நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அதான். வெளிய வந்து கை கழுவுறப்ப பாத்தா, சோம்பேறி ட்ரேயில புது எலை. செம்பு கலர்ல, பளபளன்னு, மேல மேல வந்துருக்கு. என் முழங்கால் ஒசரத்த எட்டப் போகுது. யாரோ வேற செடிய இங்க வச்சுட்டாங்கன்னுதான் மொதல்ல நெனச்சேன். குங்குமப் பொட்டப் பாத்தேன். நான் வச்ச பொட்டு. கோணலா இருந்துச்சு, எனக்குத் தெரியாதா.

"அக்கா! இங்க ஓடியாங்க!"

"கக்கூஸ்ல என்னாடா எனக்கு வேலை?"

"பின்னாலக்கா!"

வந்தாங்க. எலையப் பாத்ததும் வாய தொறந்தவங்க, அடியப் பாத்ததும் செருப்ப கழட்டிட்டாங்க. கன்னு அடியில, மண்ணு மேல, சின்னச் சின்னதா பழுப்புக் கலர்ல காளான். கொடை மாதிரி இல்ல, காது மாதிரி. எலிக் காது.

"பூஞ்சை!"

"அக்கா, அக்கா, செடியப் பாருங்க. செருப்ப போடுங்க கீழ."

செருப்பு மேலயே நின்னுச்சு. அப்பறம் மெதுவா எறங்குச்சு. அக்கா உக்காந்து ஒரு பொலிபேக்க கிழிச்சாங்க. உள்ள வேரு தெரியல, பூராவும் நூலு. மண்ண கெட்டியா புடிச்சுக்கிட்டிருந்துச்சு. வேர் நுனியில எல்லாம் அதே காலுறை. "கொண்டா ஒண்ணு அங்கேருந்து"ன்னாங்க. முன்னால இருந்த மஞ்ச நோயாளி ஒண்ண எடுத்துட்டு வந்தேன். அத கிழிச்சா மண்ணு பொலபொலன்னு கொட்டிருச்சு. வேரு மொட்டையா, பழுப்பா, நாலு நாரு. காலுறை இல்ல. நாந்தானே கழட்டுனேன்.

அக்கா ஒரு கையில அதையும் ஒரு கையில இதையும் வச்சுக்கிட்டு தராசு மாதிரி ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. நான் சிரிக்கணுமா, பயப்படணுமான்னு தெரியாம கை கழுவிக்கிட்டே இருந்தேன்.

மத்தியானம் சாப்புடுறப்ப அக்கா கைப்போன எடுத்து தண்ணிச் செம்புல சாய்ச்சு வச்சு, சத்தத்த முழுசா வச்சு வீடியோ தேடுனாங்க. இந்தோனீசியாவுல எவனோ ஒருத்தன் காட்டு மரம் வளக்கறவன், மலாய் மாதிரி பேசுனான். எனக்கு புரிஞ்சது இவ்வளவுதான். மரம் எலையில சமைக்குது. வெயிலு, காத்து, தண்ணி, மூணையும் போட்டு சீனி செய்யுது. இந்தக் காளான் நூலுக்கு சமைக்கத் தெரியாது. ஆனா வேரு நொழய முடியாத சந்து பொந்துல எல்லாம் நொழஞ்சு போயி, தண்ணியும் மண்ணுல இருக்கற சத்தும் இழுத்துட்டு வந்து வேருகிட்ட குடுக்கும். வேரு பதிலுக்கு சீனி குடுக்கும். மெராந்தி மாதிரி காட்டு மரம் எல்லாம் இந்த நூலு இல்லாம வளரவே வளராது. மல்லிய அழுக வச்ச பூஞ்சை வேற வகை. எல்லா வெள்ளை நூலும் திருடன் இல்ல.

நான் தோசைய தொட்டுக்கிட்டே சொன்னேன். "சமைக்கத் தெரியாது. சந்து பொந்துல சுத்தி சாமான் கொண்டாரும். சீனி குடுத்தா போதும். அக்கா, இது நான்லா."

அக்கா போன்லேருந்து கண்ண எடுக்கல. "அது வேலை செய்யுதுடா."

அந்த ஆளு கடைசியா ஒரு வழி சொன்னான். நல்ல கன்ன நடுவுல நட்டு, கெட்டுப் போன கன்ன சுத்தி நடணும். தனித்தனி பொலிபேக்குல இல்ல, ஒரே மண்ணுல. நடுக் கன்னு வேருலேருந்து நூலு நடந்து போயி பக்கத்து வேர புடிச்சுக்கும். இல்லன்னா தாய் மரத்து அடி மண்ணு கொஞ்சம் கொண்டாந்து கலக்கணும்.

மண்ணுதான் சுலபம்னு நான் லோரிய எடுத்துக்கிட்டு பாலிக் பூலாவ் போனேன். போனா, தோட்டத்துக்காரத் தாத்தா டுரியான் சீசனுக்கு ரெடியாயிட்டாரு. பழம் திங்க வர்றவங்க காடி நிறுத்தணும்னு அந்தப் பெரிய மரத்தடிய வழிச்சு எடுத்து, ஒரு லோரி ஜல்லி கொட்டி, நெரவி வச்சிருந்தாரு. "கன்னு இல்ல, பார்க்கிங் இருக்கு"ன்னு மலாய்ல சொல்லி சிரிச்சாரு. மிச்சம் இருந்த ஓரத்துல புல்லு மருந்து அடிச்சிருந்துச்சு. நான் வெறும் சாக்கோட போயி வெறும் சாக்கோட வந்தேன். பரவால்ல, சாக்கு கனமில்ல.

ஆக மிச்சம் இருந்தது கக்கூஸ் பின்னால இருக்கற அந்த ஒரு ட்ரேதான்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன். இதையாச்சும் பத்திரமா வச்சு கமிட்டிகிட்ட காட்டி சமாளிப்போம். பிரிச்சு நட்டு இதுவும் செத்துப் போச்சுன்னா?"

"ஒரு ட்ரேய வச்சு மலைய மூடுறதா? கோவணத்துல கல்யாணப் பந்தல் போட்ட கதைதான்."

"இல்லக்கா, இது ஒண்ணுதான் உசுரோட..."

"தெரியும்டா. பிரி."

அக்கா சொல்றப்ப குரல் கல்லு மாதிரி இருந்துச்சு. ஆனா மொத கன்ன மூணு தடவ மண்ணுல வச்சு, மூணு தடவ வெளிய எடுத்தத நான் பாத்தேன். பாக்காத மாதிரி இருந்துக்கிட்டேன். அந்த வேலை எனக்கு நல்லா வரும்.

பெரிய தொட்டிக்கு எங்க போறது? நான் காலையில பாசார் போயி மீன் கடைங்கள்ல தூக்கிப் போடுற வெள்ளை ஐஸ் பெட்டிய பொறுக்கிட்டு வந்தேன். அடியில ஓட்டை போட்டோம். ஒவ்வொரு பெட்டியிலயும் நடுவுல ஒரு சோம்பேறி, சுத்தி நோயாளிங்க. கல்யாண வீட்டுல வாய் ஓயாத ஒருத்தன நடுவுல உக்கார வச்சு சுத்தி ஊமைங்கள உக்கார வச்ச மாதிரி. மீன் வாசத்துக்கு ஆயர் ஈத்தாம் பூனை பூராவும் வந்து வேலிக்கு வெளிய வரிசையா உக்காந்துக்கிச்சு. நாலு நாள் கழிச்சு ஏமாந்து போயி கலஞ்சு போச்சுங்க. ஒண்ணு மட்டும் போகல, இப்ப நர்சரியில என்னை மாதிரியே இருக்கு.

அதுக்கப்பறம் செய்ய வேண்டியது ஒண்ணுமில்ல. கழுவக் கூடாது, உரம் ஊத்தக் கூடாது, மருந்து கூடவே கூடாது, தண்ணி மட்டும் கொஞ்சமா. எனக்கு அது கைவந்த கலை. அக்காவுக்குத்தான் தண்டனை. காலையில எழுந்து பழக்கத்துல மஞ்சள கரைச்சுருவாங்க. பெட்டிகிட்ட வருவாங்க. கிண்ணத்த கையில வச்சுக்கிட்டு நிப்பாங்க. அப்பறம் கொண்டு போயி வாசல்ல தெளிச்சுருவாங்க. அந்த மாசம் பூரா எங்க வாசலு கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு.

"ஒண்ணும் நடக்கலியேடா"ம்பாங்க.

"உள்ள நடக்குதுக்கா. நானும் வெளிய பாத்தா ஒண்ணும் நடக்காதவன்தான்."

"வாய மூடு."

பெட்டிக்குள்ள மொதல்ல நடுக் கன்னுக்கு ஒட்டி இருந்ததுதான் பச்சை திரும்புச்சு. அப்பறம் அதுக்கு அடுத்தது. ஓரத்துல இருந்தது கடைசியா. சில பெட்டியில மூலையில இருந்ததெல்லாம் போயே போச்சு. ரெண்டு மூணு பெட்டியில நடுவுல வச்ச நல்ல கன்னே செத்துச்சு, சுத்தி இருந்ததும் கூடவே போச்சு. ஆனா மத்த பெட்டியில செம்பு கலர் எலை வந்துச்சு. கூடவே எலிக் காதும் வந்துச்சு. அக்கா தெனம் அத குனிஞ்சு பாப்பாங்க. செருப்பு கால்லயே இருக்கும். அதே பெரிய விசயம்.

மழைக்கு முன்ன கமிட்டி வந்துச்சு. மேனேஜர், அவரு பின்னால ஒரு சீன அம்மா. தலைவியாம். வெள்ளை சப்பாத்து போட்டுக்கிட்டு எங்க மண்ணுல ஒவ்வொரு அடியா பாத்துப் பாத்து வச்சு வந்தாங்க. கன்னப் பாத்ததும் தலைய ஆட்டுனாங்க, புடிச்ச மாதிரிதான். அப்பறம் குனிஞ்சாங்க. எலிக் காதப் பாத்துட்டு மூக்க சுருக்கிக்கிட்டு மேனேஜர்கிட்ட என்னமோ சொன்னாங்க.

மேனேஜர் அக்காவப் பாத்தாரு. "அக்கா, செடி நல்லா இருக்காம். ஆனா அடியில காளான் அசிங்கமா இருக்காம். கொண்டோவுல கொழந்தைங்க இருக்காங்க, நாய் இருக்கு. வேரெல்லாம் சுத்தமா கழுவிட்டு குடுங்கன்னு கேக்கறாங்க."

நான் அக்கா மொகத்தப் பாத்தேன். ஆயுசு பூரா கழுவுனவங்க. வீட்டுக்கு வர்ற கீரையக்கூட மூணு தண்ணியில அலசுறவங்க. கழுவறேன்னு ஒரு வார்த்தை சொன்னா அந்தம்மா சரின்னுட்டு போயிருவாங்க, மெஷினும் வராது. இப்போதைக்கு.

"கழுவ மாட்டேன்"னாங்க அக்கா.

"அக்கா..."

"கழுவுனா செத்துரும் தம்பி. உங்க மலையில போயி சாகும். காளானோட எடுத்தா எடுக்கட்டும். இல்லன்னா சிமெண்ட்ட போட்டுக்கட்டும்."

மேனேஜர் ஒரு நிமிசம் தலைய சொறிஞ்சாரு. அப்பறம் அந்தம்மா பக்கம் திரும்பி சீன மொழி பாதி மலாய் பாதின்னு ஏதோ கடகடன்னு சொன்னாரு. அந்தம்மா கேட்டுக்கிட்டே வந்தவங்க திடீர்னு சிரிச்சுட்டாங்க. காளான இன்னொரு தடவ குனிஞ்சு பாத்தாங்க. சரின்னு கைய காட்டிட்டு சப்பாத்த பாத்துக்கிட்டே போயிட்டாங்க.

நான் மேனேஜர ஓரமா இழுத்தேன். "என்னாங்க சொன்னீங்க?"

"காளான் இல்லாம இந்த மரம் வளராதுன்னு சொன்னேண்ணே. அதுக்கு ஒண்ணும் பேசல. அப்பறம், காளானுக்கு தனி காசு இல்ல, ஃப்ரீன்னு சொன்னேன். ஃப்ரீன்னா பினாங்குல யாருண்ணே வேணாங்கறது?"

இருந்த கன்னு மலை முழுக்க பத்தல. சரிவுல நர்சரிக்கு மேல இருக்கற கீழ்ப் பாதிக்குத்தான் வந்துச்சு. மேல் பாதியில புல்லு மட்டும். இந்த மழைய பாத்துட்டு சிமெண்ட்டப் பத்தி பேசலாம்னு கமிட்டி முடிவு பண்ணிருச்சாம். ஐஸ் பெட்டியோட அப்புடியே தூக்கிட்டுப் போயி, பெட்டிய உரிச்சுட்டு மண்ணு ஒதறாம குழியில எறக்குனோம். ஒதறக் கூடாதுன்னு அக்கா கீழேருந்து கத்திக்கிட்டே இருந்தாங்க. எனக்கு கத்த வேண்டியதே இல்ல. ஒதறுறது தனி வேலை.

தீபாவளிக்கு மொத வாரம் மழை புடிச்சுக்கிச்சு. சாயங்காலம் ஆரம்பிச்ச மழை, கோலிக்குண்டு கொட்டுன மாதிரி தகரத்துல அடிச்சுச்சு. அக்கா முறுக்கு சுட்டுக்கிட்டிருந்தாங்க. எண்ணெய எறக்கி வச்சுட்டு கொடைய எடுத்துக்கிட்டு லோங்காங் பக்கம் வந்தாங்க. ஆனா கிட்ட போகல. கறிவேப்பிலை வரிசையிலேயே நின்னுட்டாங்க.

போன வருசம் சரிவு நழுவுறதுக்கு முன்னால லோங்காங் தண்ணி தே தாரிக் மாதிரி கலங்கி ஓடுச்சு. கெட்டியா, மண்ணா. அத அக்காவும் பாத்தாங்க, நானும் பாத்தேன். அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும், நல்ல மழைன்னு பேசிக்கிட்டோம்.

"போயி பாருடா. என்னா கலருல ஓடுது?"

நான் தலையில பொலிபேக்க கவுத்துக்கிட்டு போனேன். குனிஞ்சேன். சரிவ பாத்தேன். மழையில கன்னுங்க தலைய ஆட்டிக்கிட்டிருந்துச்சு. முழங்கால் ஒசரம்தான். மலைய அது புடிச்சிருக்குன்னு சொன்னா மலையே சிரிக்கும். பாதி வேலை வலையோடது, பாதி புல்லோடது. ஆனா அடியில நூலு மண்ண புடிச்சிருக்கறது எனக்குத் தெரியும், கிழிச்சுப் பாத்தவன் நான்.

"தே தாரிக்!"னு கத்துனேன்.

திரும்பிப் பாத்தா அக்கா கொடைய மடக்கிட்டாங்க. மழையில நனஞ்சுக்கிட்டு நிக்கறாங்க. அது எனக்குக் கொஞ்சம் அதிகமா போயிருச்சு.

"இல்லக்கா, சும்மா சொன்னேன். தே ஓ. பால் இல்லாத தே ஓ. அடியில இருக்கற கல்லுகூடத் தெரியுது, வந்து பாருங்க."

அக்கா வந்தாங்க. லோங்காங் ஓரத்துல நின்னு ரொம்ப நேரம் தண்ணியப் பாத்தாங்க. அப்பறம் குனிஞ்சு செருப்ப கழட்டுனாங்க. இந்தத் தடவ காளானுக்கு இல்ல. எனக்கு. முதுகுல நல்லா விழுந்துச்சு.

"போடா, உள்ள போயி ரெண்டு தே போடு."

"என்னா தேக்கா?"

"எதுவோ போடு. சீனி அள்ளிக் கொட்டாத."

சீனிய அள்ளித்தான் கொட்டுனேன். மேல மழை கொட்டிக்கிட்டே இருந்துச்சு. அக்கா ஒரு வாய் குடிச்சுட்டு மொகத்த சுளிச்சாங்க, ஆனா கீழ வைக்கல. அப்பறம் அடுப்ப மூட்டி மறுபடியும் முறுக்கு புழிய உக்காந்தாங்க. அடுப்பு அதே எடத்துலதான் இருந்துச்சு.